பெரியவரின் இடது கை

போன மாதம் என் மகள் என்னை நாமக்கல்லுக்கு சினிமா பார்க்க அழைத்துப் போனாள். குடும்பக் கதை, நல்ல படம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனாள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு கிழவர். பீயும் மூத்திரமும் அள்ளி அலுத்துப்போன மகன். அப்பா படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் கடைசியில் மகனே மருந்தைக் கொடுத்து முடித்துவிடுகிறான். கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. படம் முடிவதற்குள் எழுந்து வெளியே வந்து, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றேன்.

மகள் பின்னாலேயே ஓடி வந்தாள். "ஏனுங்கப்பா, நெஞ்சு வலிக்குதுங்களா?"

"அந்தக் கிழவனை ஒருத்தனாவது ஒரு வார்த்தை கேட்டானா? இருக்கணுமா போகணுமான்னு கேட்டானா?"

"சினிமாதானுங்கப்பா. அதுக்கு ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

வேர்த்ததற்குக் காரணம் உண்டு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

இப்போது எங்கள் தொழிலுக்கு வந்திருக்கும் இளவட்டங்கள் தங்களை பார்மசிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மாத்திரை டப்பாவில் வருகிறது. எண்ணிக் கொடுத்தால் வேலை முடிந்தது. அவர்களில் சிலர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று இரண்டு வருடமாக என்னை நச்சரிக்கிறார்கள். பழைய கம்பவுண்டரின் அனுபவம் வேண்டுமாம். இனிப்பாக எதையோ எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் இருப்பது இதுதான். வேண்டுமானால் போடுங்கள், இல்லாவிட்டால் கிழித்துப் போடுங்கள். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர் எருமப்பட்டிப் பக்கம் என்பதோடு விட்டுவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலம்.

நான் பிறந்தது கொண்டப்பநாயக்கன்பட்டியில். அப்பா மலைப்பாதையில் மூட்டை சுமந்தவர். எட்டாவது வரை படித்துவிட்டு, சேலத்தில் ஒன்றரை வருடம் கம்பவுண்டர் படிப்புக்குப் போனேன். முதல் ஆறு மாதம் பாட்டில் கழுவினேன். அடுத்த ஆறு மாதம் கல்வத்தில் அரைத்தேன். மிச்ச ஆறு மாதம் டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படிக்கப் பழகினேன். பரீட்சை எழுதினேன், தேறினேன். அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. தொழில் கற்றதெல்லாம் டாக்டர் ஞானமுத்துவிடம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டே அறைகள். ஒன்றில் டாக்டர், ஒன்றில் நானும் மருந்தும். டாக்டர் திருநெல்வேலிக்காரர். ஒல்லியான ஆள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் தப்பு செய்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்து முடிக்கும்வரை நான் நிற்கவேண்டும். அவருக்கு நான் பயந்த மாதிரி போலீஸுக்குக்கூடப் பயந்ததில்லை.

மருந்து கட்டுவதற்கு அவர் வைத்திருந்த முறை இது. அலமாரியிலிருந்து பாட்டிலை எடுக்கும்போது அதன் சீட்டை வாய்விட்டுப் படிக்கவேண்டும். ஊற்றும்போது சீட்டு உள்ளங்கைப் பக்கம் இருக்கவேண்டும். வழிகிற மருந்து எழுத்தை அழித்துவிடக்கூடாது. ஊற்றுவதற்கு முன்னால் ஒருமுறை படிக்கவேண்டும். அளவுக் கண்ணாடியை மேசையில் வைத்துப் பார்க்கக்கூடாது, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்கவேண்டும். பாட்டிலைத் திரும்ப வைக்கும்போது மூன்றாம் முறை படிக்கவேண்டும். நஞ்சு மருந்துகள் தனி அலமாரியில் பூட்டியிருக்கும். சாவி டாக்டரின் கடிகாரச் சங்கிலியில் தொங்கும். அந்த பாட்டில்கள் ஆறு பட்டை வைத்த பச்சைக் கண்ணாடி. வெறும் விரலே இது வேறு பாட்டில் என்று சொல்லிவிடும். அப்படியும் மூன்று முறை படிக்கவேண்டும்.

முதல் மாதமே நான் விளக்கெண்ணெய்க்குப் பதிலாக உடம்பில் தேய்க்கிற தைலத்தை ஒரு பெண்ணுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டேன். எடுக்கும்போது படித்தேன், ஊற்றும்போது படித்தேன், இரண்டு தடவையும் வாய் விளக்கெண்ணெய் என்றுதான் சொன்னது. திரும்ப வைக்கும்போதுதான் தெரிந்தது. ஓடினேன். புளியமரத்தடியில் அந்தப் பெண் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"மூணாவது தடவை படிச்சீரோ?"

"படிச்சேனுங்க சார்."

"அதான் அந்தம்மா உசுரோட வீட்டுக்குப் போகுது. முத ரெண்டு தடவையும் வாய் படிக்கும். மூணாவது தடவைதான் கண்ணு படிக்கும். தெரிஞ்சுக்கிடும்."

அவ்வளவுதான் திட்டு.

மருந்து வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவர வேண்டும். நல்லெண்ணெய் பாட்டில், சாராய பாட்டில், எது கிடைக்கிறதோ அது. நான் கழுவி, மருந்தை ஊற்றி, ஒரு காகிதத் துண்டை வேளைக்கு ஒரு பல்லாக வெட்டி பாட்டிலின் பக்கத்தில் ஒட்டுவேன். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் வரைக்கும் ஒரு வேளை. ஜனங்கள் அதைக் கோடு என்பார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் எல்லாவற்றையும் வாயால் சொல்லவேண்டும். எத்தனை கோடு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, மீறினால் என்ன ஆகும். மீறினால் என்ன ஆகும் என்பதை மிரட்டுகிற மாதிரி சொல்லவேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. நான் நன்றாக மிரட்டுவேன். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் வயதானவர்களுக்கு உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் உறவெல்லாம் கூடி பால் ஊற்றுவார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி. காட்டு மேல் ஆசை வைத்து உயிர் நிற்கிறது என்று நினைத்தால், அவர் உழுத காட்டிலிருந்தே ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை வாயில் விடுவார்கள். மண்ணாசை தீர்ந்து போய்விடுவாராம். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் தொண்டை இழுத்துப்போன ஆளுக்குப் படுத்த வாக்கில் பத்துப் பேர் கரண்டி கரண்டியாய் ஊற்றினால் பால் எங்கே போகும்? மூச்சுக் குழாய்க்குப் போகும். இது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். ஊற்றுகிறவர்களில் சிலருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

செங்கோடப் பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று மைல் தள்ளி, தோட்டத்துச் சாளையில் குடியிருந்தவர். காட்டுக்கு நடுவே இருக்கிற வீட்டை அங்கே சாளை என்பார்கள். கிணற்று மேட்டில் விழுந்தவருக்கு வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. பதினாலு மாதமாகக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மகன் நல்லப்பன். பார்த்துக்கொண்டது நல்லப்பனின் மனைவி பாவாயி. டாக்டர் ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண். பாவாயி அவரை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் முழங்கையில் நரம்பு புடைத்திருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. சலிப்புக்கூட இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சந்தை நாளன்று காலையில் நல்லப்பன் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது.

"புண்ணைக் கழுவறப்ப கத்தறாருங்க. வாயில சத்தம் வாரதில்ல, ஆனா கத்தறாருங்க. பாத்துட்டு இருக்க முடியலீங்க" என்றான்.

டாக்டர் யோசித்தார். அபினி சேர்ந்த மருந்து ஒன்றை எழுதினார். அலமாரியைத் தானே திறந்தார், பச்சை பாட்டிலை எடுத்தார். நான் மூன்று முறை படித்தேன். அவர் அளந்தார், பூட்டினார். ஆறு வேளைக்கு மருந்து. புண் கழுவுகிற நாளில் மட்டும், கழுவுவதற்கு முன்னால், பாலாடையில் சிறுகச் சிறுக ஒரு வேளை. அன்று ஒரு வழக்கில் சாட்சி சொல்ல டாக்டர் நாமக்கல் போகவேண்டியிருந்தது. பஸ் வந்துவிட்டது. "சொல்ல வேண்டியதை நல்லாச் சொல்லிக் குடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

நான் காகிதத்தை வெட்டி ஒட்டினேன். நல்லப்பன் ஜன்னலுக்கு வெளியே நின்றான்.

"ஒரு தடவைக்கு ஒரு கோடு. அதுக்கு மேல ஒரு சொட்டுக்கூட ஆகாது. தெரிஞ்சுதா?" என்றேன்.

"தெரிஞ்சுதுங்க. ஏனுங்க கம்பவுண்டரே, மறந்தாப்ல ரெண்டு கோடு போயிருச்சுன்னா?"

"ரெண்டு போனா அசையாமக் கிடப்பாரு. நமக்கே பயமாயிரும்."

"மூணு?"

"யோவ், மூணெல்லாம் பேச்சே கிடையாது."

"இல்லீங்க, ஊட்டுல பொம்பளைங்க இருக்காங்க, படிக்கத் தெரியாது. கேட்டு வெச்சுக்கறது நல்லதுங்களே. ஆறும் ஒருக்காப் போயிருச்சுன்னு வெச்சுக்கங்க?"

"ஆறும் போனா தூங்குனவரு எந்திரிக்க மாட்டாரு. மூச்சு மெல்ல மெல்லக் கொறைஞ்சு நின்னு போயிரும்."

அவன் பாட்டிலைப் பார்த்தான். "அப்ப வலி தெரியுங்களா?"

"வலி என்ன வலி? ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் ஏன் சொன்னேன்? கேட்டான், சொன்னேன். எல்லாம் தெரிந்தவன் என்கிற கொழுப்பு. நல்லப்பன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை இரண்டு கையாலும் கும்பிட்டான்.

"நீங்க நல்லாருக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

மிரட்டினவனை யாரும் கும்பிடுவதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்த ஆளுக்கு மருந்து கட்டினேன். பத்துப் பேர் போயிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற ராமாயி குடத்தை இறக்கி வைத்துக்கொண்டே சொன்னாள்: "செங்கோடங் காட்டுல இன்னைக்குப் பால் ஊத்தறாங்களாமா. மேச்சேரியில குடுத்த மக எல்லாம் வந்தாச்சாமா. நம்மகிட்ட மருந்து வாங்கறதுக்கு எதுக்கு வந்தானுங்க அந்த மனுசன்?"

கையிலிருந்த அளவுக் கண்ணாடியைக் கீழே வைத்தேன். வைத்தேன் என்று நினைக்கிறேன். அது உடைந்துவிட்டது என்று பிறகுதான் ராமாயி சொன்னாள்.

டாக்டர் இல்லாதபோது கம்பவுண்டர் ஆஸ்பத்திரியை விட்டுப் போகக்கூடாது. பூட்டிவிட்டு ஓடினேன். சைக்கிள் கிடையாது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட இட்டேரியில், வண்டித் தடத்தில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு ஓடினேன். உச்சி வெயில். இங்கே நான் பொய் சொல்லப்போவதில்லை. அந்த மூன்று மைலும் நான் பெரியவரை நினைக்கவில்லை. என்னை நினைத்தேன். மருந்து கட்டியது நான். எத்தனை கோடு போனால் மூச்சு நிற்கும் என்று பாடம் சொன்னது நான். வலிக்காது என்று ஊக்கம் கொடுத்தது நான். ஜன்னலோரம் நின்ற ஜனம் கேட்டிருக்கும். கோர்ட்டில் கேட்பார்கள், டாக்டர் கண்ணாடியைத் துடைப்பார், என்னைச் சேலம் ஜெயிலுக்குக் கொண்டுபோவார்கள். என் அப்பா மூட்டை சுமந்து படிக்கவைத்தது இதற்குத்தான். எதிரே ஒரு வண்டி வந்தாலும் செய்தி சொல்ல வருகிறார்கள் என்று நெஞ்சு நின்றது. எங்கேயாவது ஒப்பாரி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன்.

ஒப்பாரி கேட்கவில்லை. சாளை வாசலில் ஏழெட்டு வண்டி அவிழ்த்துவிட்டிருந்தது. உள்ளே ஒரம்பரை, உறவுக்கூட்டம், நிறைந்திருந்தது. கட்டிலை நடுவீட்டில் போட்டிருந்தார்கள். பெரியவருக்குப் புது வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தது. தலைமாட்டில் ஒரு கொட்டாங்கச்சியில் சிவந்த மண். பக்கத்தில் பித்தளைச் செம்பு நிறையப் பால். மேச்சேரி மகள் கரண்டியைப் பாலில் விட்டுக் கையில் எடுத்திருந்தாள்.

நான் சுவரைப் பார்த்தேன். விளக்கு மாடத்தில் என் பாட்டில் இருந்தது. ஆறு பல்லும் தெரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

செம்பைப் பார்த்தேன். பால் வெள்ளையாக இல்லை, லேசாகப் பழுப்பேறியிருந்தது. குனிந்தேன். அபினி வாடை எனக்குத் தெரியாதா? நல்லப்பன் செய்திருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மருந்து முழுவதையும் செம்புப் பாலில் கலந்துவிட்டான். ஆளுக்கு ஒரு கரண்டி. மகள் ஒன்று, மச்சான் ஒன்று, பங்காளி ஒன்று. யார் கையால் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. அவன் கையால் என்று அவனே நினைக்கவேண்டியதில்லை. ஊரே சேர்ந்து அன்போடு கொன்றிருக்கும், ஒருவருக்கும் தெரியாமல்.

"நில்லுங்க!" என்றேன். செம்பைப் பிடுங்கினேன்.

"ஆருடா இவன்?" என்று ஒரு கிழவர் எழுந்தார்.

உண்மையைச் சொன்னால் நல்லப்பன் போவான், அவனோடு நானும் போவேன். "பாலுக்குள்ள பல்லி விழுந்திருக்குது" என்றேன்.

அவ்வளவுதான். நாலு பேர் ஐயோ என்றார்கள். மகள் கரண்டியைத் தூக்கி எறிந்தாள். செம்பை வெளியே கொண்டுபோய்க் குப்பைக்குழியில் ஊற்றி, மேலே மண்ணைத் தள்ளி மிதித்தேன். திரும்பி வந்து, புண்ணுக்கு மருந்து வைக்கவேண்டும், எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போங்கள் என்றேன். போனார்கள். நல்லப்பனையும் பாவாயியையும் மட்டும் நிறுத்திக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

"நீ மனுசனா?" என்றேன்.

நல்லப்பன் தலையைத் தூக்கினான். "பதினாலு மாசமுங்க. நீங்க ஒரு பொழுது இங்க இருந்து பாருங்க. அந்தச் சீழு வாடையில ஒரு வாய் சோறு தின்னு பாருங்க. இவ படுத்து எத்தனை நாளாச்சுன்னு கேளுங்க. அப்புறம் வந்து மனுசனான்னு கேளுங்க. எங்கய்யன் என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போயி திருச்செங்கோட்டுத் தேரு காட்டுனவருங்க. அவரு இப்படிக் கெடக்கறதை நான்தான் பாக்கறேன், நீங்க பாக்கலீங்க."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. "அவரைக் கேட்டியா?"

"பேச்சே போயிருச்சு. என்னத்தைக் கேக்கறது?"

அதுவரை வாயே திறக்காத பாவாயி சொன்னாள்: "இடது கை பேசுமுங்க."

"என்ன?"

"கூழு வேணுமான்னு கேட்டா என் வெரலைப் புடிப்பாருங்க. வேண்டாம்னா உட்டுருவாருங்க. பொரட்டிப் படுக்க வெக்கட்டுமான்னு கேட்டாலும் அப்படித்தானுங்க. எல்லாத்தையும் அப்படித்தான் கேக்கறது."

"இதைக் கேட்டிருக்கியா?"

அவள் தலை குனிந்தாள்.

நான் கட்டிலண்டை உட்கார்ந்தேன். பெரியவர் கண் திறந்திருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். புது வேட்டி, திருநீறு, மண், எல்லாம் எதற்கு என்று அவருக்குத் தெரியும். அந்தக் கண்ணைப் பார்த்தபோது எனக்கு இட்டேரியில் வந்த பயம் போய் வேறு ஒரு பயம் வந்தது. அவர் போகவேண்டும் என்று சொல்லிவிட்டால்? நான் கொட்டிவிட்டு வந்ததை எப்படித் திரும்ப அள்ளுவேன்?

என் ஆள்காட்டி விரலை அவர் இடது உள்ளங்கையில் வைத்தேன். "அய்யா, இருக்கோணும்னா என் வெரலைப் புடியுங்க."

பிடித்தார்.

"நரம்பு இழுக்குதுங்க. தொட்டாலே அப்படித்தான் புடிப்பாரு" என்றான் நல்லப்பன்.

விரலை எடுத்துக்கொண்டேன். மறுபடி வைத்தேன். இந்தத் தடவை மாற்றிக் கேட்டேன். "அய்யா, போகோணும்னா புடியுங்க."

கை மலர்ந்து கிடந்தது. விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. சொல்லப்போனால், என் விரல் படாமல் கையை இன்னும் விரித்தார்.

மூன்றாம் தடவை. "இருக்கோணும்னா புடியுங்க."

பிடித்தார். இந்த முறை விடவில்லை. கிணறு வெட்டிய கை அது. நகம் என் சதைக்குள் இறங்கியது. கண்ணில் தண்ணீர் காதுக்குள் வழிந்தது. பாவாயிதான் கிட்டத்தில் வந்து, "உடுங்க மாமா, கேட்டுக்கிட்டாங்க, உடுங்க" என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்து விட்டாள். நல்லப்பன் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான்.

மறுநாள் டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணாடி துடைக்கப்பட்டது.

"மூணு தடவை கேட்டீரோ?"

"கேட்டேனுங்க சார்."

"மூணுக்கும் ஒரே பதில்தானே?"

"ஆமாங்க சார்."

"அப்ப அதுவும் ஒரு மருந்துச்சீட்டுதான். எழுதினது அவர். கட்டிக் குடுக்க வேண்டியது நீர். ஞாயித்துக்கிழமைதோறும் போயிப் புண்ணைக் கழுவும். நான் சாட்சி சொல்லப் போன நேரத்துல நடந்ததை நான் கேக்கலை."

போலீஸுக்கு எழுதவில்லை. அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டவன். ஆனாலும் தலைப்பாகை கட்டின ஆள் எவன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாலும் போலீஸோ என்று ஒரு வருடத்துக்கு ஜன்னலிலிருந்து ஒதுங்கி நின்றேன்.

ஞாயிறுதோறும் போனேன். கொதித்து ஆறின தண்ணீரில் பர்மாங்கனேட் கரைத்துக் கழுவுவேன். அழுகின சதையைக் கத்தரிப்பேன். போரிக் பொடி தூவி, வாட்டின வாழை இலையைக் கீழே விரிப்போம். அபினி மருந்தை நானே எடுத்துப் போய், நானே ஒரு வேளை கொடுத்து, மிச்சத்தைத் திரும்ப எடுத்து வந்துவிடுவேன். நல்லப்பனைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்றைக்குப் பிறகு அவன் பாவாயிக்கு ஒரு கை கொடுத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அப்பனைப் புரட்டிப் போட்டான். இடுப்புக்கு நேராகக் கயிற்றைத் தளர்த்தி ஒரு கட்டில் பின்னினான். நாலைந்து மாதம் புண் காய்ந்தது. ஒரு நாள் பெரியவர் கூழை மூன்று கரண்டி வாங்கிக் குடித்தார். நான் செய்தது சரிதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

தை பிறந்த பிறகு எல்லாம் திரும்பியது. புண் மறுபடி திறந்தது. இடுப்பு எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கால்கள் மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. ஒரு கோடு மருந்துக்கு வலி அடங்கவில்லை. கழுவும்போது வாய் திறந்தே இருக்கும், சத்தம் இருக்காது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கைகழுவிவிட்டுத் திரும்பியபோது பெரியவர் இடது கையை என் பக்கம் நீட்டினார். உள்ளங்கை மேலே. விரல்களை விரித்துக்கொண்டு. அப்படியே வைத்திருந்தார். கை நடுங்கியது, இறக்கவில்லை. கண் என் மேலேயே இருந்தது.

எனக்குப் புரிந்தது. விரலைக் கொடு, மறுபடி கேள் என்கிறார்.

பாவாயிக்கும் புரிந்தது. "மறுக்கா ஒருதரம் கேளுங்க" என்றாள்.

நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றேன்.

கேட்டு, அவர் வேறு பதில் சொன்னால் என்ன செய்வது? கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, சட்டம் இல்லை, தைரியம் இல்லை. கொடுக்க முடியாதவன் எதற்குக் கேட்கவேண்டும்? இப்படியெல்லாம் இட்டேரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கையைக் கட்டியது இதையெல்லாம் யோசித்து அல்ல. பயந்து கட்டினேன்.

அடுத்த வாரமும் கை நீண்டது. கட்டிலின் அந்தப் பக்கம் போகாமல் வேலையை முடித்தேன். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் வேலை அதிகம் என்று டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டு நான் போகவே இல்லை. அந்த வாரம் புதன்கிழமை பெரியவர் போய்விட்டார். யாரும் எதுவும் ஊற்றவில்லை. தானாகப் போனார். உயிர் பிரிய நான்கு நாள் ஆனது என்று பிறகு சொன்னார்கள். அந்த நான்கு நாளும் கை நீட்டியிருந்தாரா என்று நான் கேட்கவில்லை.

கருமாதி முடிந்து பாவாயி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஜன்னல் வழியாக ஒரு பாட்டிலை நீட்டினாள். பழைய பாட்டில், நல்லெண்ணெய் பாட்டில். சுத்தமாகக் கழுவியிருந்தாள். ஆறு பல் வெட்டின காகிதம் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆருக்காச்சும் ஆகுமுங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை.

"மறுக்கா ஒருதரம் கேட்டிருக்கலாமுங்க" என்றாள்.

சுற்றி ஆட்கள் நின்றார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. "ஏன், நீ கேட்டிருக்கலாமில்ல? தெனமும் உன் வெரலைத்தானே புடிச்சாரு?"

"எனக்குப் பயமுங்க" என்றாள். "அதனாலதான் உங்களைக் கேக்கச் சொன்னேன்."

"எனக்கும் பயம்தான்" என்றேன்.

"தெரியுமுங்க. அவருக்கும் தெரிஞ்சுபோச்சுங்க. நீங்க வராத ஞாயித்துக்கிழமையிலிருந்து கையை நீட்டறதை நிறுத்திட்டாரு."